ரோமானிய வெள்ளிக் காசு: அந்தப் படங்களை அந்தக் காலத்தில் யாராவது பார்த்தார்களா?

கொங்குவாசி
அனைவருக்கும் வணக்கம். போன மாதம் சென்னைக்குப் போயிருந்தபோது எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானிய வெள்ளிக் காசுகளைப் பார்த்தேன். டெனாரியஸ் என்பார்களே, அதுதான். நம் ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் சின்னது, ஆனால் தடிமன். வட்டமும் சரியான வட்டம் இல்லை. பேரரசர் திபேரியஸ் காலத்துக் காசு ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். தலைப்பக்கம் இலைமாலை சூடிய அரசர். பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் ஒரு கிளை. அடுத்த காசிலும் அதே பெண். அதற்கடுத்ததிலும் அவளேதான். ஒன்றில் சேலை மடிப்பு மாதிரி ஆடை மடிப்புகூடத் தெரிகிறது. இன்னொன்றில் முகம் தேய்ந்து வெறும் மேடாகிவிட்டது.

என் கேள்வி இதுதான். கட்டை விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய இடத்தில் இவ்வளவு நுணுக்கமாக ஏன் செதுக்கினார்கள்? காசை வாங்குகிறவன் எடையையும் வெள்ளியையும்தானே பார்ப்பான்? படத்தை யாராவது பார்த்திருப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடைக்கல்
தம்பி, எங்களுக்கு மூன்று தலைமுறையாக வெள்ளிப் பட்டறை. அனுபவத்தில் சொல்கிறேன், படத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய வெள்ளி ரூபாய் எங்களிடம் வந்தால் தரையில் தட்டிச் சத்தம் கேட்போம், உரைத்துப் பார்ப்போம், தராசில் போடுவோம். ராணி தலையா ராஜா தலையா என்று பார்ப்பதெல்லாம் எந்தக் காலத்து வெள்ளி என்று தெரிந்துகொள்ளத்தான். விக்டோரியா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆறாம் ஜார்ஜில் 1940-க்கு அப்புறம் வந்தது என்றால் பாதிதான் வெள்ளி. அவ்வளவுதான் விஷயம். கிரீடத்தில் எத்தனை கல் பதித்திருக்கிறது என்று எவரும் எண்ணியதில்லை.

பழங்காசு
எடைக்கல் ஐயா, நீங்கள் மறுப்பது போலத் தெரிந்தாலும் கொங்குவாசியின் கேள்விக்குப் பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தலையைப் பார்த்துத்தான் வெள்ளி எவ்வளவு என்று முடிவு செய்கிறீர்கள். அப்படியானால் படத்தைப் பார்க்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்?

ரோமிலும் எல்லையைத் தாண்டியும் இதேதான் நடந்தது. கி.பி. 98-இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் பழகிய பழைய காசைத்தான் விரும்பி வாங்குகிறார்கள் என்கிறார். எந்தப் பழைய காசு? விளிம்பில் ரம்பம் போலப் பல் வெட்டிய காசு, இரட்டைக் குதிரைத் தேர் போட்ட காசு. இரண்டுமே பேரரசர்கள் வருவதற்கு முந்தைய குடியரசுக் காலத்தவை, டாசிட்டஸ் எழுதியபோதே நூறு ஆண்டுக்கு மேல் பழையவை. எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட விளிம்பைத் தடவி, தேரில் இரண்டு குதிரையா என்று பார்த்துத் தேறியிருப்பான்.

அவர்கள் அப்படித் தேடியதற்குக் காரணம் இருக்கிறது. டெனாரியஸ் பிறந்தது கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு போர் நடந்துகொண்டிருந்தபோது. தொடக்கத்தில் ஏறக்குறைய நாலரை கிராம் இருந்து, சீக்கிரமே நாலு கிராமுக்குச் சற்றுக் கீழே வந்து, அங்கேயே நீண்ட காலம் நின்றது. ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசு. கி.பி. 64-இல் நீரோ அதை 96 ஆக்கினார், வெள்ளியின் தரத்தையும் இறக்கினார். அதன் பிறகு பழைய காசுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. பழையதா புதியதா என்று கண்டுபிடிக்கச் சாதாரண ஆளுக்குப் படம்தான் துணை.

நூலகத்துமேசை
பழங்காசு ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்கள் காசுகளைப் படத்தை வைத்தே கூப்பிட்டார்கள். இரட்டைக் குதிரைத் தேர்க் காசுக்கு 'பிகாட்டஸ்', நான்கு குதிரை பூட்டியதற்கு 'குவாட்ரிகாட்டஸ்', வெற்றித் தேவதை போட்டதற்கு 'விக்டோரியாட்டஸ்'. நம் வீடுகளில் 'ஓட்டைக் காலணா' என்று சொன்னதில்லையா, அந்த மாதிரிதான். கண்ணில் படாத ஒன்றுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

நாம் 'பூவா தலையா' போடுகிறோம் அல்லவா? ரோமானியச் சிறுவர்கள் 'தலையா கப்பலா' என்று கத்திக்கொண்டு செப்புக் காசைச் சுண்டுவார்கள் என்று பிற்கால ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ் எழுதியிருக்கிறார். அந்தக் காசில் ஒரு பக்கம் இரட்டை முக யானஸ் கடவுள், மறுபக்கம் கப்பலின் முன்பகுதி. அவர் காலத்தில் அந்தக் காசே புழக்கத்தில் இல்லை. விளையாட்டில் மட்டும் படம் தங்கிவிட்டது.

எடைக்கல்
சரி, அடையாளத்துக்குப் படம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஒரு தேரோ ஒரு யானையோ போதுமே! வருஷத்துக்கு வருஷம் ஏன் மாற்ற வேண்டும்? எங்கள் தொழிலில் முத்திரையை மாற்றினால் வாங்குகிறவருக்குச் சந்தேகம் வரும். அடையாளம்தான் நோக்கம் என்றால் மாற்றாமல் இருப்பதுதானே புத்தி?

பழங்காசு
இந்த இழையிலேயே சிறந்த கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் சொன்ன மாதிரிதான் இருந்தது. தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி ஒரு பக்கம், பக்கத்தில் பத்துச் செப்புக் காசு மதிப்பு என்பதற்கான குறி. மறுபக்கம் குதிரை மேல் பாயும் இரட்டையர் காஸ்டரும் பொல்லக்ஸும், அவர்கள் தலைக்கு மேல் இரண்டு நட்சத்திரம், கீழே ரோமா என்ற எழுத்து. பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

பிறகு என்ன ஆனது என்றால், காசு அடிக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் இளம் அதிகாரிகள் மூவரிடம் இருந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள், அரசியலில் அடியெடுத்து வைக்கிறவர்கள். நாளைக்குத் தேர்தலில் நிற்க வேண்டியவர்கள். அவர்கள் கையில் நாடு முழுக்கப் போகும் ஒரு பொருள் இருக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து தங்கள் பாட்டன் பூட்டன் பெருமையை அதில் ஏற்ற ஆரம்பித்தார்கள். கி.மு. 89-இல் தித்தூரியஸ் சபினஸ் என்பவர் பழங்கதையில் வரும், சபைன் இனப் பெண்களை ரோமானியர் தூக்கிப் போகும் காட்சியைப் போட்டார். காரணம், அவர் குடும்பப் பெயரே சபினஸ்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபாஸ்டஸ் சுல்லா கி.மு. 56-இல் அடித்த காசு. உயரமான இருக்கையில் அவருடைய தந்தை, ரோமானியத் தளபதி சுல்லா. எதிரில் மண்டியிட்டு ஆலிவ் கிளை நீட்டும் வட ஆப்பிரிக்க மன்னர் போக்கஸ். பின்னால் கைகள் கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கும் ஜுகுர்தா, ரோமோடு போரிட்டு, போக்கஸால் சுல்லாவிடம் பிடித்துக் கொடுக்கப்பட்ட மன்னர். மூன்று மனிதர்கள், இரண்டு சென்டிமீட்டருக்குள். இதே காட்சியைத் தந்தை சுல்லா தன் முத்திரை மோதிரத்தில் செதுக்கி வைத்திருந்தார். ஜுகுர்தாவை வென்ற பெருமை தன்னுடையது என்று நினைத்த தலைமைத் தளபதி மாரியஸுக்கு அந்த மோதிரம் ஆறாத எரிச்சலைத் தந்தது என்று பழங்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஒரு மோதிரப் படத்துக்காகப் பகை வளர்ந்த ஊரில், அதே படத்தை மகன் ஆயிரக்கணக்கான காசுகளில் அடித்துவிட்டான். அதை யாரும் பார்க்கவில்லை என்று நான் எப்படி நம்புவது?

அப்புறம் ரோமானியப் படைத்தலைவர் ஸ்காரஸ். கி.மு. 58. இன்றைய ஜோர்டான் பக்கத்து நபத்தேய மன்னர் அரேட்டாஸ் ஒட்டகத்தின் பக்கத்தில் மண்டியிட்டு ஆலிவ் கிளை நீட்டுகிறார். பாட்டன் பெருமை என்று இல்லாமல் தன் சாதனையையே ஸ்காரஸ் போட்டுக்கொண்டார். உண்மையில் நடந்ததோ வேறு. படையெடுத்து வந்த அவரை அரேட்டாஸ் 300 தாலந்து கொடுத்துத் திருப்பி அனுப்பினார் என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். பணம் வாங்கிக்கொண்டு திரும்பியவர், அந்த மன்னர் சரணடைந்ததாகப் பணத்திலேயே படம் போட்டிருக்கிறார்.

கொங்குவாசி
ஐயா, இது பிரமாதம்! அப்படியென்றால் உயிரோடு இருக்கிறவர் முகம் எப்போது வந்தது? நான் பார்த்ததெல்லாம் பேரரசர் தலைதான்.

நூலகத்துமேசை
கி.மு. 44. ஜூலியஸ் சீசர். ரோம் நகரில் உயிரோடிருக்கும் ரோமானியர் ஒருவரின் தலை காசில் வந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அந்த இடம் கடவுளருக்கும் இறந்த முன்னோருக்கும்தான். 'வாழ்நாள் முழுக்கச் சர்வாதிகாரி' என்ற பட்டமும் சில காசுகளில் பக்கத்திலேயே இருக்கிறது. கழுத்தில் சுருக்கம், ஒடுங்கிய கன்னம், முன்னால் இழுத்துவிட்ட மாலை. அழகுபடுத்தவே இல்லை. அந்த ஆண்டு மார்ச் 15 அன்று அவரைக் குத்திக் கொன்றார்கள்.

அடுத்ததுதான் எனக்கு எப்போது நினைத்தாலும் நெஞ்சில் நிற்பது. கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், பத்து ஆண்டு முன்னால் கி.மு. 54-இல் காசு அதிகாரியாக இருந்தவர். அப்போது அவர் போட்டது ஒரு பக்கம் சுதந்திர தேவி, மறுபக்கம் மன்னராட்சியை விரட்டிய தன் முன்னோர். கொலைக்குப் பிறகு, கி.மு. 42 வாக்கில் கிழக்கே படை திரட்டியபோது அவர் அடித்த காசில் இரண்டு குத்துவாள், நடுவில் ஒரு கம்பளித் தொப்பி, கீழே 'எய்ட் மார்', அதாவது மார்ச் 15. அடிமையை விடுதலை செய்யும்போது அணிவிக்கும் தொப்பி அது. படிக்கத் தெரியாத சிப்பாய்க்கும் புரியும். கத்தியும் தொப்பியும் நாட்டை விடுவித்ததைக் குறிக்கின்றன என்று காசியஸ் தியோ இருநூறு ஆண்டுக்கும் மேல் கழித்துத் தன் வரலாற்றில் எழுதினார். ஒரு காசின் படத்தைப் பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் இப்படி விளக்கியிருப்பது மிக அபூர்வம்.

அந்தக் காசின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? புரூட்டஸின் தலை. உயிரோடு இருக்கும்போதே. சீசர் செய்ததைத் தாங்க முடியாமல் கொன்றவர், இரண்டே ஆண்டில் அதையே செய்திருக்கிறார்.

ஆற்றுமணல்
எல்லாரும் ரோமிலேயே இருக்கிறீர்கள், நான் கரூரிலிருந்து ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒருவர் அமராவதி மணலில் சலித்தெடுத்தது என்று சொல்லி ஒரு திபேரியஸ் காசைக் காட்டினார். உட்கார்ந்திருக்கும் பெண், எழுத்து, எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆசையில் வாங்கிவிட்டேன். வீட்டில் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடுகிறது. இரண்டு பாதி அச்சில் உருக்கி ஊற்றியது. உண்மையான டெனாரியஸ் சம்மட்டியால் அடித்தது, அதில் அந்தக் கோடு வராது. விளிம்பில் சிறு வெடிப்பு இருக்கும், படம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். என்னுடையதில் படம் நட்ட நடுவில் இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கிறவர்கள் முதலில் விளிம்பைப் பாருங்கள், பிறகு படத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. நிலத்தில் உண்மையான புதையல் காசு கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். உருக்கிவிடாதீர்கள். எத்தனையோ குவியல் அப்படித்தான் போயிற்று.

எடைக்கல்
தம்பி ஆற்றுமணல் சொன்னது உண்மை. உருக்கிய பாவத்தில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. பழைய காசு என்று வந்தால் இப்போது நான் உலையில் போடுவதில்லை.

ஆனால் என் கட்சியை விடவில்லை. நம் ஊருக்கு வந்த ரோமானியக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வாங்கினவருக்கு அகஸ்டஸ் யார், திபேரியஸ் யார் என்று என்ன தெரியும்? சுல்லாவும் புரூட்டஸும் அவருக்கு எதற்கு? இங்கே அது வெறும் வெள்ளிதானே?

பழங்காசு
அரசர் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் படம் தெரிந்திருந்தது, ஐயா. கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த குவியலில் 500-க்கும் மேல் வெள்ளிக் காசு. பெரும்பகுதி அகஸ்டஸும் திபேரியஸும். இந்தியாவில் கிடைக்கும் டெனாரியஸ் குவியல்களில் இரண்டே வகைதான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று கொங்குவாசி பார்த்த உட்கார்ந்திருக்கும் பெண். மற்றொன்று அகஸ்டஸ் காசு. அதன் பின்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள், கேடயத்தின் மேல் கை வைத்து, பின்னால் ஈட்டி நிற்க. அவர்கள் அகஸ்டஸின் பேரப்பிள்ளைகள் கையஸும் லூசியஸும், வாரிசாகத் தத்து எடுக்கப்பட்டவர்கள். லூசியஸ் கி.பி. 2-இல் இறந்தார், கையஸ் கி.பி. 4-இல். அரியணையைப் பார்க்காமலே போன அந்த இரண்டு பிள்ளைகளும் மிளகு வாங்க வந்த காசில் ஏறிக் கொங்கு நாட்டு மண்ணுக்குள் போய் ஆயிரத்து எண்ணூறு ஆண்டு கிடந்தார்கள்.

இந்த இரண்டு வகையையும் பார்த்து இந்தியாவிலேயே போலிக் காசும் அடித்திருக்கிறார்கள். அதில் உருவம் ஓரளவு வந்திருக்கும், எழுத்து வெறும் கோடும் வட்டமுமாக இருக்கும். லத்தீன் தெரியாத கை வெட்டிய அச்சு. எழுத்தைப் படிக்க முடியாத ஒருவர் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார். வாங்குகிறவரும் படத்தைத்தான் தேடுவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் சேரர் வெள்ளிக் காசையும் பாருங்கள். கரூரில் கிடைத்த மாக்கோதை காசில் ஒரு மனிதத் தலை, மேலே தமிழ் பிராமியில் 'மாக்கோதை'. காசில் அரசன் தலை போடும் எண்ணம் ரோமானியக் காசைப் பார்த்து வந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. வெறும் வெள்ளியாக மட்டும் பார்த்திருந்தால் அந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும்?

நூலகத்துமேசை
எடைக்கல் ஐயாவுக்கும் பழங்காசு ஐயாவுக்கும் இரண்டு பேருக்குமே சாட்சி சொல்கிற ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியது. செங்கடல் வரி வசூலைக் குத்தகை எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவர் காற்றில் திசைமாறி இலங்கையில் கரை ஒதுங்கினார். அவரிடமிருந்த டெனாரியஸ் காசுகளை அந்நாட்டு மன்னர் பார்த்தார். பல அரசர்கள் அடித்தவை என்பது தலைகள் வேறு வேறாக இருப்பதிலேயே தெரிந்தது, ஆனால் எடை எல்லாவற்றிலும் ஒன்றுதான். இவ்வளவு நேர்மையா என்று வியந்து ரோமுக்குத் தூதர்களை அனுப்பினாராம். பேரரசர் கிளாடியஸ் காலத்துச் செய்தி இது. அந்த மன்னர் தலையையும் பார்த்தார், தராசிலும் வைத்தார்.

எடைக்கல்
இந்தக் கதை எனக்குத் தெரியாது. அந்த மன்னர் எங்கள் பட்டறையில் உட்காரத் தகுந்தவர். தலை மாறியும் எடை மாறவில்லை என்றால் அதுதான் நாணயம். நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல் இருப்பது காரணமில்லாமல் இல்லை.

நீங்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து யோசித்தால் என் கேள்விக்கு இப்படிப் பதில் வருகிறது. தலைப்பக்கம் வாங்குகிறவனுக்கு, பின்பக்கம் அடித்தவனுக்கு. சரிதானே?

பழங்காசு
ஏறக்குறைய சரி. ஒரே ஒரு திருத்தம், பின்பக்கமும் வாங்குகிறவனை நோக்கித்தான் பேசியது. பின்னாளில் அகஸ்டஸ் ஆனவரை எதிர்த்த அந்தோனி கி.மு. 32-31-இல் ஆக்டியம் கடற்போருக்காக அடித்த காசைப் பாருங்கள். ஒரு பக்கம் துடுப்புக் கப்பல். மறுபக்கம் இரண்டு கொடிக்கம்பங்களுக்கு நடுவில் படைப்பிரிவின் கழுகு, கீழே அந்தப் பிரிவின் எண். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி எண். சம்பளம் வாங்கும் சிப்பாய் தன் பிரிவின் எண்ணைத் தேடியிருக்க மாட்டானா?

இதில் உங்கள் பக்க நியாயமும் இருக்கிறது. அந்தக் காசில் வெள்ளி குறைவு. அதனாலேயே யாரும் அதைப் பதுக்கவில்லை, உருக்கவில்லை, கையிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். இருநூறு ஆண்டு புழங்கி, கப்பல் வெறும் கோடாகத் தேயும்வரை ஓடியது. பேரரசர்கள் மார்க்கஸ் அரேலியஸும் லூசியஸ் வேரஸும் அதே கப்பலையும் கழுகையும் வைத்து ஆறாம் படைப்பிரிவின் பெயரில் புதிதாக ஒரு காசு அடித்தார்கள். தோற்றுப்போன அந்தோனியின் பெயரையும் விடாமல் போட்டார்கள். மட்டமான வெள்ளியால் பிழைத்த படம் அது.

பின்னாளில் நடந்தது சோகம். பேரரசர் செவெரஸ் காலத்தில் வெள்ளி ஏறக்குறைய பாதியாயிற்று. கி.பி. 215-இல் அவர் மகன் கரகல்லா கதிர்முடி சூடிய தலையோடு இரட்டை மதிப்புக் காசு ஒன்றை விட்டார், அதில் ஒன்றரைக் காசுக்கான வெள்ளிதான் இருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டில் அது வெள்ளி பூசிய செம்பாகிவிட்டது. அந்தக் காசுகளின் பின்பக்கத்தைப் பார்த்தால் அமைதி, செழிப்பு, தராசு பிடித்த நேர்மைத் தேவி என்று வரிசையாக நிற்பார்கள். தராசு பிடித்த தேவியைச் செம்பில் அடித்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கொங்குவாசி
இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த உட்கார்ந்திருக்கும் பெண் யார்?

நூலகத்துமேசை
பெயர் எழுதப்படவில்லை. சுற்றியிருப்பது 'தலைமைப் பூசாரி' என்ற அரசரின் பட்டம். கையில் இருப்பது ஆலிவ் கிளை என்பதால் அமைதித் தேவி என்பார்கள். திபேரியஸின் தாய் லிவியாவையே அப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பலர் கருதுகிறார்கள். இயேசுவிடம் காட்டப்பட்ட வரிக் காசு இந்த வகைதான் என்பது பொதுவான நம்பிக்கை. 'இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது' என்று அவர் கேட்டாரே, அதுவும் படத்தைப் பார்க்கச் சொன்னதுதான்.

திரும்பப் போனால் அவள் நாற்காலியின் கால்களைப் பாருங்கள், தம்பி. சில காசுகளில் நேரான வெறும் கால், சிலவற்றில் கடைந்தெடுத்த வேலைப்பாடு. திபேரியஸ் 23 ஆண்டு ஆண்டார், படத்தை மாற்றவில்லை, ஆனால் நாற்காலி மாறிக்கொண்டே வந்தது. எந்தக் காசு முன்னால் அடித்தது, எது பின்னால் என்று அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

கொங்குவாசி
நான் எடுத்த புகைப்படங்களை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன், அக்கா. முதல் காசில் கால் நேராக இருக்கிறது. மூன்றாவதில் நடுவில் உருண்டை உருண்டையாகக் கடைசல் தெரிகிறது. இரண்டாவதில் அந்த இடம் தேய்ந்துவிட்டது. அடுத்த மாதம் எழும்பூர் போகும்போது லென்ஸ் எடுத்துப் போகிறேன்.

எடைக்கல்
பத்து மடங்கு லென்ஸ் எடுத்துப் போ தம்பி, அதற்குக் குறைந்தால் பயனில்லை. கடைசல் காலுக்குக் கீழே ஏதாவது குறுக்குக் கோடு இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.